பல்லி வரைந்தவரின் மகள்

பூனாவின் கட்கி பஜாரில் சலீமின் ரத்திக் கடை எது என்று கேட்டால் யாரும் காட்டுவார்கள். பழைய பேப்பர், நோட்டு, அட்டைப்பெட்டி எல்லாம் எடைக்கு வாங்குகிற கடை. இருபது வருஷமாக அந்தக் கடைக்கு வந்த பேய்க் காமிக்ஸ் எதுவும் ஆட்ரியின் கண்ணில் படாமல் வெளியே போனதில்லை. யாராவது வீட்டைக் காலி செய்து புத்தக மூட்டையைக் கொண்டுவந்து போட்டால், சலீம் அதைப் பிரிக்காமல் ஓரமாக வைத்துவிட்டு அவளுக்குப் போன் செய்வார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்த கையோடு அவள் வந்து, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, ஸ்டூலில் உட்கார்ந்து மூட்டையைப் பிரிப்பாள். அந்த முதல் பார்வை தனக்கு உரியது என்றே நினைத்திருந்தாள். யாரும் அப்படி எழுதிக் கொடுத்ததில்லை.

சென்ற ஜூன் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் போனபோது, ஸ்டூலில் வேறொருத்தி உட்கார்ந்திருந்தாள். முப்பது வயது இருக்கும். ஜீன்ஸ், ரெயின்கோட், மடியில் ஹெல்மெட். அவள் முன்னால் மூட்டை பிரிந்து கிடந்தது. சலீம் அவளுக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒரு புத்தகத்தின் பக்கங்களை ஒவ்வொன்றாகத் திருப்பி, அதில் நடக்கிற கதையை ஹிந்தியில் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தப் பெண் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஆட்ரி அட்டையைப் பார்த்தாள். பாழடைந்த ரயில் நிலையம், நடைமேடையில் ஒரு பெண், அவள் கையில் மஞ்சள் வெளிச்சம். 'பீலீ லால்டேன்', பத்தொன்பதாம் இதழ்.

இத்தனை வருஷமாக அவளுக்குக் கிடைக்காமலிருந்த இதழ்.

மஞ்சள் லாந்தர் என்று அர்த்தம் வரும் அந்த ஹிந்திக் காமிக்ஸ், எண்பதுகளின் தொடக்கத்தில் மீரட்டில் ஒரு சின்ன அச்சகத்தில் மாதா மாதம் வந்தது. நாற்பது இதழோடு நின்றுபோயிற்று. மட்டமான காகிதம், கையோடு ஒட்டும் மை. ஆனால் அதில் வரும் பேய்கள் கோரைப்பல்லும் விரித்த தலையுமாக இருக்காது. குழாயடியில் நிற்கிற, ரேஷன் கடையில் நம் முன்னால் நிற்கிற பெண்கள் மாதிரியே இருக்கும். அதுதான் பயம். பத்து வயதில் ஆட்ரி அதை லெண்டிங் லைப்ரரியில் எடுத்து, பள்ளிப் புத்தகத்துக்குள் ஒளித்துப் படித்தாள். அவள் அப்பா ராணுவ அலுவலகத்தில் கிளார்க், சபையில் செயலாளர். பேய்க் கதை படிப்பது பேயை வீட்டுக்குக் கூப்பிடுவதற்குச் சமம் என்று இரண்டு முறை அவளுடைய புத்தகங்களை அடுப்பில் போட்டார். கல்யாணமாகி, சொந்தமாகச் சம்பளம் வந்த பிறகு, எரிந்ததையெல்லாம் ஒவ்வொன்றாகத் தேட ஆரம்பித்தாள். ஜூனா பஜார், கேம்ப் நடைபாதை, மும்பை, ஒருமுறை இந்தூர் வரைக்கும். இப்போது ஐம்பத்தொரு வயது. கட்கியில் ஒரு பள்ளியில் நான்காம் வகுப்பு டீச்சர். முப்பத்தொன்பது இதழ்கள் அவளிடம் இருந்தன. அகப்படாதது பத்தொன்பது மட்டும். அதன் கட்டுகள் மழையில் நனைந்து கிடங்கிலேயே அழுகிவிட்டன, வெளியே வந்தது கொஞ்சம்தான் என்று சேகரிப்பவர்களிடையே ஒரு பேச்சு உண்டு.

"மேடம், இவங்களும் உங்க மாதிரியே பைத்தியம்," என்று சலீம் சிரித்தார். "ஊர்க்கோடி கராடியிலிருந்து வண்டி ஓட்டிட்டு வந்திருக்காங்க. வேலை கம்ப்யூட்டர் கம்பெனியில."

"நீங்க ஆட்ரி மேடம்தானுங்களே?" என்று அந்தப் பெண் தமிழில் கேட்டுக்கொண்டே எழுந்தாள். "காமிக்ஸ் வாட்ஸப் குரூப்புல உங்க பேரைப் பாத்திருக்கறனுங்க. நான் கீர்த்தி. ஈரோடு. இந்த வாரந்தான் ராமநாதன் சார் என்னைச் சேர்த்துவிட்டாருங்க."

"சந்தோஷம்," என்றாள் ஆட்ரி. கை மட்டும் புத்தகத்தை நோக்கி நீண்டது. "பாக்கலாமா?"

கீர்த்தி தயங்காமல் கொடுத்தாள். பின்கள் துருப்பிடித்திருந்தன. புத்தகத்தின் முதுகு லேசாக வளைந்திருந்தது. பக்கம் ஒன்றும் குறையவில்லை. முதல் வரியைப் படிக்கப் போனவள் நிறுத்திக்கொண்டாள். அடுத்தவள் புத்தகத்தில் படிக்க மனம் வரவில்லை. திருப்பிக் கொடுத்தாள்.

"நீ ஹிந்தி படிப்பியாம்மா?"

"எங்கீங்க மேடம். கடையில பேசற அளவுக்கு வரும். எழுத்து தெரியாதுங்க. அதான் அண்ணாவைப் படிச்சுக் காட்டச் சொன்னேன்."

வீட்டுக்குப் போய்ச் செருப்பைக் கழற்றும்போதே ஆட்ரி கணவனிடம் ஆரம்பித்தாள். பெனிஸ்டன் ஆர்ட்னன்ஸ் ஃபாக்டரி அலுவலகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். மனைவி காமிக்ஸ் பெட்டியைத் திறந்தால் வெராண்டாவுக்குப் போய் நாற்காலி போட்டுக்கொள்வது அவர் வழக்கம்.

"படிக்கவே தெரியலங்க. எழுத்து தெரியாதவளுக்கு என்னத்துக்கு அது? நான் எத்தனை வருஷமா தேடுதேன், சலீம் பாய்க்குத் தெரியும்லா?"

"அவரு யாவாரி ஆட்ரி. முதல்ல வந்தவளுக்குக் கொடுத்திருப்பாரு."

"எனக்கு ஒரு போன் பண்ணக் கூடாதாக்கும்?"

"நீ கோயில்ல இருந்திருப்ப. போனை ஆஃப் பண்ணித்தான வைப்ப?"

அது உண்மை. உண்மையாக இருந்ததால் இன்னும் எரிந்தது.

அதற்குப் பிறகு அவள் வாழ்க்கை ஒரு மாதிரி கோணிக்கொண்டது. சேகரிப்பவர்களின் வாட்ஸப் குழுவில் பூனா, மும்பை, நாக்பூர் ஆட்கள் நூற்றுச் சொச்சம் பேர் இருந்தார்கள். யார் எதை விற்கிறார்கள், எது அசல், எது பிற்பாடு அடித்த மறுபதிப்பு என்று பேச்சு ஓடும். மறுபதிப்பா என்று சந்தேகம் வந்தால் எல்லாரும் ஆட்ரியைத்தான் கேட்பார்கள். காகிதத்தின் நிறத்தையும், விலை அச்சிட்ட இடத்தையும் படத்தில் பார்த்தே சொல்லிவிடுவாள். அந்தக் குழுவில் இப்போது கீர்த்தி விளையாடிக்கொண்டிருந்தாள். புத்தகத்தை நன்றாக வெளிச்சம் வைத்துப் படமெடுத்துப் போட்டாள். கேட்டவர்களுக்கெல்லாம் ஸ்கேன் அனுப்பினாள். ஆட்ரி கேட்கவில்லை. ஏலத்தில் யாராவது ஒரு புத்தகத்துக்கு ரொம்ப ஆசைப்படுவது தெரிந்தால், தான் விலகிக்கொண்டு, எடுத்துக்கோங்க என்றாள். ஆட்ரி அப்படி ஒருநாளும் விலகியதில்லை. கீர்த்தியின் பதிவுகளுக்குக் கீழே விழும் இதயங்களை, வேண்டாம் வேண்டாம் என்று நினைத்துக்கொண்டே பார்த்தாள்.

சலீமிடம் தன் பங்கைக் காப்பாற்றிக்கொள்ளவும் முயன்றாள். பள்ளிக்குப் போகும் வழியில் தினமும் கடைக்கு முன் நின்றாள். வீட்டில் செய்த பிளம் கேக்கை டப்பாவில் கொண்டுபோய்க் கொடுத்தாள், கிறிஸ்துமஸுக்கு இன்னும் ஆறு மாதம் இருந்தும்.

சலீம் கேக்கை வாங்கிக்கொண்டார். "ரெண்டு பேரும் எனக்கு வேணும் மேடம்," என்றார். "நீங்க வந்தா வேகமா எடுத்துட்டுப் போயிருவீங்க. அந்தப் பொண்ணு உக்காந்து கதை கேக்குது. இத்தனை வருஷம் எடைபோட்டு வித்தேன், உள்ளே என்ன இருக்குன்னு எனக்கே இப்பதான் தெரியுது."

அந்தப் பேச்சை அவள் வீட்டில் சொல்லவில்லை.

அடி விழுந்தது ஆகஸ்டில். மதிய இடைவேளை, ஸ்டாஃப் ரூமில் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு போனைப் பார்த்தாள். குழுவில் கீர்த்தி 'பீலீ லால்டேன்' அட்டைகள் ஏழெட்டை வரிசையாகப் போட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு மூலையில் சிவப்பு வட்டம் இட்டிருந்தாள். வட்டத்துக்குள் ஒரு பல்லி. சுவரில், தூணில், கிணற்று விளிம்பில், கவனிக்காவிட்டால் கண்ணில் படாத சின்னப் பல்லி.

அந்தப் பல்லியை ஆட்ரிக்குப் பத்து வயதிலிருந்து தெரியும். நாற்பது வருஷமாக அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. புது இதழ் எது கிடைத்தாலும் முதலில் பல்லி எங்கே என்று தேடுவாள், கண்டுபிடித்ததும் தனக்குள் சிரித்துக்கொள்வாள். வரைந்தவன் பேர் எங்கேயும் போடவில்லை. யாரென்றே தெரியாத அந்த ஆளுக்கும் அவளுக்கும் நடுவே இருந்த ஒரே பேச்சு அது.

படங்களுக்குக் கீழே கீர்த்தி ஆங்கிலத்தில் எழுதியிருந்தாள். இதை வரைந்தது என் அப்பா, பேர் கலியன், ஈரோட்டில் போர்டு எழுதுகிறவராக இருந்தார். எழுதின எல்லா போர்டிலும் இதே பல்லி இருக்கும். சின்ன வயசில் வடக்கே சில வருஷம் இருந்தார் என்று மட்டும் எங்களுக்குத் தெரியும். போன வருஷம் தற்செயலாக ஒரு பழைய அட்டையைப் பார்த்துக் கண்டுபிடித்தேன்.

குழு கொண்டாடித் தீர்த்தது. ராமநாதன், குழுவை நடத்துகிறவர், இது சரித்திரம் என்றார்.

ஆட்ரிக்குச் சோறு இறங்கவில்லை. புத்தகத்தை எடுத்துக்கொண்டாள், சலீமை எடுத்துக்கொண்டாள், சரி. இந்தப் பல்லிக்குமா அவள் சொந்தக்காரி? அதுவும் பிறப்பிலேயே? தான் தேடியலைந்து பிரியம் வைத்தது இவளுக்குத் தொட்டிலிலேயே கிடைத்திருக்கிறதே என்று நினைத்தபோது, அழுகை வருமோ என்று பயந்து டப்பாவை மூடினாள்.

பிறகு குழுவில் எழுதினாள். 'பல்லி வரைகிற வழக்கம் அந்தக் காலத்தில் பல பேரிடம் உண்டு. வேறு ஆதாரம் இருக்கிறதா?'

பொய் என்று சொல்லவில்லை. ஆனால் கேட்டது ஆட்ரி. குழுவில் சத்தம் அடங்கியது. ஒருவர், ஆமாம், ஒப்பிட்டுப் பார்க்கணும் என்றார். இன்னொருவர், அப்பா என்று சொன்னால் விலை ஏறும்தான் என்று ஒரு சிரிப்பு பொம்மையைப் போட்டார்.

சாயங்காலம் கீர்த்தியிடமிருந்து தனியாகச் செய்தி வந்தது. 'மேடம், அப்பா இப்ப இங்கதான் இருக்காரு. ஞாயித்துக்கெழம சாப்பிட வாங்க. நீங்களே கேட்டுப் பாருங்க.' அதில் கோபம் எதுவும் இல்லை. அதுவும் ஆட்ரிக்குப் பிடிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பெனிஸ்டன் ஸ்கூட்டரை எடுத்தார். ஹோல்கர் பாலம் தாண்டி, விஷ்ராந்த்வாடி வழியாக, நகர் ரோட்டு நெரிசலில் நின்று நின்று கராடி போய்ச் சேர்வதற்குள் இரண்டு மழை பெய்து ஓய்ந்தது. ஆட்ரி மடியில் பிளாஸ்டிக் பையை இறுக்கிப் பிடித்திருந்தாள். உள்ளே ஆறாம் இதழும் முப்பத்தொன்றாம் இதழும். கிழவரைச் சோதித்துப் பார்த்துவிடுவது என்றுதான் கொண்டுபோனாள்.

பதினோராவது மாடி. கலியன் பால்கனியில் பனியனும் வேட்டியுமாக உட்கார்ந்து, கீழே ஓடும் கார்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். எழுபது வயது மனிதர், கை லேசாக நடுங்கியது. கீர்த்தி அவர்களை உட்காரவைத்துவிட்டுச் சமையலறைக்குப் போனாள். ஆட்ரி நலம் விசாரித்த கையோடு ஆறாம் இதழை அவர் கையில் கொடுத்தாள்.

அவர் அட்டையை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோனார். "ஆமாங்க. நாந்தான். கை நடுங்காத காலம்."

"இதுல என்ன கதைன்னு ஞாபகம் இருக்கா உங்களுக்கு?"

"கதை தெரியாதுங்களே."

ஆட்ரி நிமிர்ந்து உட்கார்ந்தாள். "வரைஞ்சது நீங்கங்கீங்க. கதை தெரியாதுங்கீங்க."

"எனக்கு ஹிந்தி வராதுங்க அம்மிணி. பம்பாய்க்கு சினிமா பேனர் வேலைக்குன்னு போனேன். அங்கிருந்து ஒருத்தன் மீரட்டுக்குக் கூட்டிட்டுப் போயிட்டான். அச்சாபீஸ்ல சைகையிலதான் சொல்லுவாங்க. பொம்பள, கெணறு, வெளக்கு. நான் வரைவேன். அவங்க எழுத்து ஒட்டிக்குவாங்க." அவர் ஒரு பக்கத்தைத் திருப்பி விரலை வைத்தார். "இந்தப் பொம்பள ஏன் தெனமும் கெணத்தையே பாத்துட்டு நிக்கறா? அப்பவே கேக்கோணும்னு நெனச்சேன். கேக்கறதுக்குப் பாஷை இல்ல."

ஆட்ரி அவரைப் பார்த்தாள். கேள்வியில் நடிப்பு இல்லை. நாற்பது வருஷமாகப் பதில் கிடைக்காமல் கிடந்த கேள்வி.

"அந்தக் கிணத்துலதான் அவ விழுந்தது," என்றாள் மெதுவாக. "கதை ஆரம்பிக்கும்போதே அவ செத்துப்போயிட்டா. அது அவளுக்கே தெரியாது. புருஷன் ஏன் பேச மாட்டேங்கான், பிள்ளை ஏன் திரும்பிப் பாக்க மாட்டேங்குன்னு நினைச்சுக்கிட்டே வீட்டு வேலையெல்லாம் செய்யுதா."

கலியன் பக்கத்தை விட்டுக் கையை எடுத்துவிட்டார். "செத்தவளா? நான் உசுரோட இருக்கற பொம்பளைன்னு நெனச்சுத்தானுங்க வரைஞ்சேன்."

ஆட்ரி அந்தப் பக்கத்தைத் திரும்பப் பார்த்தாள். பத்து வயதில் மொட்டை மாடியில் உட்கார்ந்து படித்துவிட்டு, தண்ணித்தொட்டிக்குப் பக்கத்தில் போகவே பயந்தது இதனால்தானா? பேய் என்று தெரியாமல் ஒரு மனுஷியை வரைந்திருக்கிறார் இந்த மனிதர். இதை இட்டுக்கட்டிச் சொல்ல யாராலும் முடியாது. சோதனை அங்கேயே முடிந்துவிட்டது.

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். ஹிந்தியைப் படித்துப் படித்துத் தமிழில் சொன்னாள். கலியன் குறுக்கே குறுக்கே கேட்டார். சில இடங்களில் வாய்விட்டுச் சிரித்தார். சாப்பாடு ஆறிக்கொண்டிருந்தது. பெனிஸ்டன் பசியோடு கீர்த்தியைப் பார்க்க, கீர்த்தி அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கண்ணு, உள்ள வெச்சிருக்கற அந்த ரயில் புக்கைக் கொண்டா," என்றார் கலியன்.

கீர்த்தி பத்தொன்பதாம் இதழை எடுத்துவந்தாள். உறையிலிருந்து அவளே எடுத்துக் கொடுத்தாள். ஆட்ரி முதல்முறையாக அந்தக் கதையைப் படித்தாள், தனக்காக இல்லாமல், இன்னொருவருக்குச் சத்தமாக. ரயில் நின்றுபோன ஒரு நிலையத்தில், வராத ரயிலுக்கு ஒவ்வொரு ராத்திரியும் லாந்தர் காட்டும் ஸ்டேஷன் மாஸ்டரின் மனைவி. கடைசிப் பக்கத்தில் ரயில் வந்து நிற்கிறது. இறங்க ஆள் இல்லை. அவள் ஏறிக்கொள்கிறாள்.

கலியன் புத்தகத்தை வாங்கி மேசையில் மூடி வைத்தார். பிறகு அட்டையில் இருந்த முகத்தை விரலால் தொட்டார்.

"இது ராஜஸ்ரீங்க. பைண்டிங்ல வேலை பாத்த பொண்ணு. மராட்டிக்காரி. எனக்கு ரொட்டி கொண்டாந்து கொடுக்கும். பேச்சு புரியாது, சிரிச்சுக்குவோம். கட்டிக்கலாம்னுகூட ஒரு நெனப்பு இருந்துச்சு. ஊர்ல அய்யன் படுத்துட்டாருன்னு தந்தி வந்துச்சு, வந்துட்டேன். சொல்லிக்காம வந்துட்டேன்."

பால்கனிக்குள் மழைச் சாரல் அடித்தது. யாரும் நாற்காலியை நகர்த்தவில்லை.

"எங்கிட்ட இதைச் சொன்னதே இல்லையேப்பா," என்றாள் கீர்த்தி.

"நீ எங்க கேட்ட? பல்லிய மட்டுந்தான் கேட்ட."

ஆட்ரி நிமிர்ந்து அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தாள். உதடு இறுகியிருந்தது. கண் அப்பாவிடமிருந்து ஆட்ரிக்கும், ஆட்ரியிடமிருந்து புத்தகத்துக்கும் போய்வந்தது. அந்தப் பார்வை எது என்று ஆட்ரிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஜூன் மாதத்திலிருந்து அதை முகத்தில் சுமந்துகொண்டு அலைந்தவள் அவள். அந்தப் பெண்ணைப் பார்த்து ஒரு பரிதாபம் வந்தது. பரிதாபத்துக்கு அடியில் ஒரு குளிர்ச்சியும் இருந்தது. அதை அவள் தள்ளிவிடவில்லை.

"அம்மிணிக்கே இதைக் கொடுத்துரு கண்ணு," என்றார் கலியன். "அவங்களுக்குப் படிக்கத் தெரியுது."

"இல்லப்பா." கீர்த்தி புத்தகத்தை மேசையிலிருந்து எடுத்து உறைக்குள் போட்டாள். விரல்கள் அவசரப்பட்டன. "இது என்னோடது."

பெனிஸ்டன் தரையைப் பார்த்தார். கலியனுக்குச் சங்கடமாகப் போனது. ஆட்ரிதான் பேசினாள். "வேண்டாங்க. அது அவகிட்டயே இருக்கட்டும். நானா இருந்தாலும் தர மாட்டேன்."

சாப்பிட்டுக் கிளம்பும்போது கீர்த்தி லிஃப்ட் வரைக்கும் கூட வந்தாள். பெனிஸ்டன் வண்டியை எடுக்க முன்னால் இறங்கிப் போயிருந்தார்.

"அக்கா," என்றாள். இத்தனை நாளும் மேடம்தான். "குரூப்புல நீங்க கேட்டதுக்கு எனக்குக் கோவம் இல்லைங்க. ஆனா அப்பாவைப் பாக்க வரதுன்னா, எங்கிட்டச் சொல்லிட்டு வாங்க. நான் இருக்கறப்ப வாங்க."

"சரிம்மா," என்றாள் ஆட்ரி. "குரூப்புல நான் எழுதிடுதேன். அது எம்மேல உள்ள பாக்கி."

அன்று ராத்திரியே எழுதினாள். அழித்து அழித்து நாலு வரி. கலியன் அவர்களை நேரில் பார்த்தேன், வரைந்தவர் அவர்தான், எனக்குச் சந்தேகம் இல்லை, கீர்த்தியிடம் கேட்ட விதத்துக்கு வருத்தப்படுகிறேன். அனுப்பியதும் இதயங்கள் வந்து குவிந்தன, எல்லாம் கீர்த்திக்கு. ராமநாதன் அடுத்த மாதச் சந்திப்பில் கீர்த்தி பேச வேண்டும் என்றார். ஆட்ரி போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் படுத்தாள். எரிச்சல் போய்விட்டது என்று சொல்ல முடியாது. முன்னைப்போல் தூக்கத்தைக் கெடுக்கவில்லை, அவ்வளவுதான்.

கலியன் செப்டம்பரில் ஈரோட்டுக்குத் திரும்பினார். பத்தொன்பதாம் இதழ் கீர்த்தியிடமே இருக்கிறது. சலீம் இப்போது மூட்டை வந்தால் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் செய்தி அனுப்புகிறார். விஷ்ராந்த்வாடி சிக்னலில் கீர்த்தி மாட்டிக்கொண்டால் ஆட்ரி முந்துவாள். ஆராதனை நீண்டால் கீர்த்தி முந்துவாள். பிரசங்கம் சீக்கிரம் முடியட்டும் என்று ஆட்ரி வேண்டிக்கொள்வதும் உண்டு.

ஒருநாள் பள்ளி விட்டு வந்து உட்கார்ந்த நேரத்தில் ஈரோட்டிலிருந்து போன் வந்தது. "அம்மிணி, ஒரு கதைல பாலத்து மேல ஒருத்தி கொடை பிடிச்சுட்டு நிப்பாளே, அவ யாருங்க?" இருபத்திரண்டாம் இதழ். ஆட்ரி பெட்டியைத் திறந்து எடுத்து, ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு, முதல் பக்கத்திலிருந்து சொல்ல ஆரம்பித்தாள். பெனிஸ்டன் வெராண்டாவுக்குப் போகாமல் வாசல்படியிலேயே நின்று கேட்டார். கதை முடிய ஒரு மணி நேரம் ஆயிற்று. குடை பிடித்தவள் மாதிரி ஈரோட்டில் யாரோ ஒரு டீச்சர் இருந்ததாகக் கலியன் சொன்னார். அதற்குமேல் சொல்லவில்லை.

மறுநாள் காலையில் கீர்த்தியின் செய்தி வந்து கிடந்தது. 'அப்பா நேத்து உங்ககிட்டப் பேசினாராமே அக்கா. ரொம்ப நேரம் பேசினாராமே. என்ன சொன்னாரு?'

ஆட்ரி அதை இரண்டு தடவை படித்தாள். பதில் போட வேண்டும்தான். முதலில் காப்பியைப் போட்டாள்.